எட்டு மணி மழை

வானிலைத் துறையில் வியாழக்கிழமைதோறும் வார அறிக்கை வெளியாகும். அடுத்த நிமிடமே அந்தப் பெண் போன் பண்ணிவிடுவாள். இது மூன்றாவது வாரம்.

“சனிக்கிழமை மழை உண்டா சார்?”

“இல்லம்மா. சுள்ளுன்னு வெயில்தான்” என்றார் துறைத் தலைவர்.

“காலையில எட்டு மணிக்கு மட்டும் கொஞ்சம் பெய்யாதா? அப்புறம் நின்னாலும் பரவாயில்ல.”

அவருக்குத் தலை சுற்றியது. “இதென்ன குழாயா, திறந்து மூட? அப்படி என்னம்மா பயிர் போட்டிருக்கீங்க? எத்தனை ஏக்கர்?”

“ஏக்கரா? மூணு பேர் படுக்கிற இடம்தான் சார் எங்களுக்கு.”

“சத்தமாப் பேசும்மா. மாடியில கட்டட வேலை, காது போகுது.”

“சனிக்கிழமைதான் சார் கான்கிரீட் போடுவாங்க. எட்டு மணிக்கு மழை பெஞ்சா மேஸ்திரி எல்லாரையும் அனுப்பிடுவாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தோள்பட்டை வீங்கிக் கிடக்கு. அவரா லீவு கேட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

“அது சரி, இந்த நம்பரை யாரும்மா கொடுத்தா?”

“அவர்தான். வேலை பார்க்கிற கட்டடத்து வாசல் போர்டுல இருந்துச்சாம்.”

தலைவர் அண்ணாந்து பார்த்தார். மூன்று வாரமாக அவர் திட்டித் தீர்த்த சத்தம் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது.

போனை வைத்தவர், கட்டட இன்ஜினீயரைக் கூப்பிட்டார். “சனிக்கிழமை மேல ஒரு சட்டி கான்கிரீட்கூட ஏறக் கூடாது. காலையில எட்டு மணிக்கு மழை.”

பக்கத்திலிருந்த உதவியாளர் திருதிருவென்று விழித்தார். “வெயில்னு நாமதானே சார் எழுதினோம்?”

“நாம எழுதினது என்னிக்குய்யா பலிச்சிருக்கு?”