சேதமில்லை

இரு நாடுகளுக்கு நடுவே ஓடிய ஆற்றின் பாலத்தில், எல்லைக்கோடு எங்கே போட்டிருந்ததோ சரியாக அங்கேயே விரிசலும் விட்டிருந்தது. விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டுவார்கள். வளர்ந்தால் கண்ணாடி உடையும். இக்கரைப் பால ஆய்வாளர் அருளப்பன் தன் பக்கத்து முனையை விரிசலைக் கண்ட அன்றைக்கே ஒட்டிவிட்டார். மறுமுனை அடுத்த நாட்டில் கிடந்தது. அதை ஒட்ட அக்கரை ஆய்வாளர் ரெஜினாவுக்கு உத்தரவு வந்துசேர மூன்று வருடமாயிற்று. ஒட்டிய எட்டாம் நாள் காலை, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குந்தி உட்கார்ந்து இருவரும் பார்த்தார்கள். கண்ணாடி நடுவில் இரண்டாகியிருந்தது. உடைந்ததென்று எழுதுகிறவர்தான் பாலத்தை மூடவும் வேண்டும் என்பது விதி.

"கோட்டு மேலயே உடைஞ்சிருக்கு. யாரு எழுதறது?" என்றார் அருளப்பன்.

"எங்க பாதியில ஒரு கீறல்கூட இல்ல சார்," என்றார் ரெஜினா.

அருளப்பன் தன் பாதியைத் துடைத்துப் பார்த்தார். அதிலும் கீறல் இல்லை. 'நமது பகுதியில் கண்ணாடிக்குச் சேதமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரெஜினாவும் அப்படியே எழுதினார். இக்கரைத் தடுப்புக்கு முன்னால் ஒரு பேருந்து நிறைய ஆட்களோடு காத்திருந்தது. வழக்கமாகக் கோட்டருகே நின்றபடியே பச்சைக்கொடி காட்டுவார்கள். அன்று எழுந்து அவரவர் கரையைப் பார்த்து வேகமாக நடந்தார்கள். மண்ணில் கால் வைத்த பிறகுதான் அருளப்பன் கொடியைத் தூக்கினார்.