ஒரு மைல் தள்ளி

ஆனைமலைக் காட்டில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அன்று கண்டதை அன்றே இணையத்தில் உள்ள பொதுத் தகவல் களஞ்சியத்தில் ஏற்றிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். போன வருடம் மங்கையர்க்கரசி ஒழுங்காக ஏற்றிய மூன்று இருவாச்சிப் பறவைக் கூடுகளையும், குஞ்சு திருடுகிறவர்கள் பார்த்து வந்து காலி செய்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருடம் அந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரே ஒரு கூடுதான். தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் போய், ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பி வாசலைப் பூசி அடைத்துக்கொண்டுவிட்டது. மங்கையர்க்கரசி முதல்முறையாகப் பொய் எழுதினாள். கூடு இருக்கும் இடத்தை ஒரு மைல் தள்ளிப் போட்டாள்.

"நல்ல காரியம் மேடம். திருட்டுப் பயலுக கால் கடுக்க நடக்கட்டும்," என்று சிரித்தார் வனக்காவலர் வேலப்பன்.

பத்தாம் நாள் அவரே மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மின்கம்பிக்கு வழி வெட்டுற ஆளில்லா இயந்திரம் வந்துச்சு மேடம். நம்ம மரத்தைச் சாய்ச்சிருச்சு."

"கூடு இருக்கிற மரத்தை வெட்டக் கூடாதே அண்ணே! சட்டம் இருக்கே!"

"அதுக்குக் கண்ணா இருக்கு? களஞ்சியத்தைத்தானே படிச்சுக்கிட்டு வருது."

"உள்ளே இருந்த தாய்?"

"இறகெல்லாம் உதிர்த்துட்டு உட்கார்ந்திருந்தவ, எங்கே பறப்பா?"

வேலப்பன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதின இடத்துல மட்டும் ஒதுங்கிச் சுத்திப் போயிருக்கு மேடம். சும்மா சொல்லக் கூடாது, ஒரு கிளைகூட ஒடியலை."