மணமில்லாத சவர்க்காரம்

சவர்க்காரத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

மணக்காத சவர்க்காரத்தையும் இந்த நாட்டில் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது. வாங்கி வந்தது அவள் பெற்ற பிள்ளைதான்.

ஆரூரன் நாளைக் காலை ரொறொன்ரோவில் விமானம் ஏறுகிறான். மேற்கே, ரொக்கி மலையில், எல்க் மான் வேட்டை. குதிரை உயரத்துக்கு நிற்குமாம் அந்த மான். வழிகாட்டி ஒருவர் அங்கே கூடாரம் அடித்துக் காத்திருக்கிறார். தொலைபேசியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். எல்க்கின் கண்ணை ஏமாற்றலாம், மூக்கை ஏமாற்ற முடியாது. கொண்டுவரும் உடுப்பில் மனித வாடையே இருக்கக் கூடாது.

காற்சட்டை, மேற்சட்டை, தொப்பி, காலுறை எல்லாம் தோய்த்தாயிற்று. பின்வளவுக் கொடியில் காய்கின்றன.

மெஷினுக்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று கிடக்கிறது.

அவருடைய ஜாக்கெட்.

காலையில் பயணப் பை தேடி அலமாரிக்குள் கையை விட்ட ஆரூரன் அதைக் கண்டுவிட்டான்.

"அம்மா, இதையும் தோய்ச்சு வையுங்கோ. நான் போட்டுக்கொண்டு போறன். அப்பாவும் வரட்டும்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அவன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

தனக்கும் மகனுக்குமாக இந்த வேட்டைக்கு இடம் சொல்லிவைத்தவர் அவள் புருசன் குலவீரசிங்கம்தான். ஒரு காலத்தில் முல்லைத்தீவுக் காட்டில் மரைமான் பின்னால் அலைந்த மனுசன். தொலைக்காட்சியில் எல்க்கைக் கண்டால் விடமாட்டார். "எங்கட மரைதானப்பா. குளிருக்குப் பயந்து திண்டு கொழுத்திட்டுது" என்பார்.

மாசி மாதம் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், களைத்தவர்போல் படியில் உட்கார்ந்தார்.

எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும், செத்தவரின் உடுப்பை வீட்டில் வைக்கக் கூடாதென்று மச்சாள்மார் வந்தார்கள். எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டிக் காரில் ஏற்றினார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். அவள் ஜாக்கெட்டை மட்டும் தன் சேலைகளுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அன்று தொடங்கிய காவல்.

மீன் பொரித்தால் அறைக் கதவைச் சாத்து. கறி தாளித்தால் அலமாரியையும் சாத்து. குளிர்கோட்டில் கறி மணம் ஏறாமலிருக்க இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் வேலையிடத்தில் யாரும் முகம் சுளிக்கக் கூடாதென்று செய்தார்கள். அவள், இருக்கிற கொஞ்ச மனுசனும் போய்விடக் கூடாதென்று செய்தாள்.

தாங்காத நாட்களில் அதை எடுத்துக் கழுத்துப்பட்டியில் முகத்தை வைப்பாள்.

கோடாலித் தைலம். பழைய வேர்வை.

அதற்கும் அடியில், பெயர் சொல்லத் தெரியாத ஒன்று. அதுதான் அவர்.

தோய்க்காமல் கொடுத்தால் மலையில் எல்க் தலையைத் தூக்கும். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து கண்ட கனவு ஒரு நொடியில் காட்டுக்குள் ஓடிவிடும். தரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான். காரணத்தைச் சொன்னால் பயணத்தையே விட்டுவிடுவான். அவன் குணம் அவளுக்குத் தெரியாதா?

கழுத்துப்பட்டியில் முகத்தைப் புதைத்தாள். மூச்சை இழுத்து, விட மனமில்லாமல் நின்றாள்.

பிறகு அதை மெஷினுக்குள் போட்டுச் சவர்க்காரத்தை ஊற்றினாள்.

மெஷின் கதவுக் கண்ணாடிக்குள் ஒரு கை மேலே வந்தது. கீழே போனது. மறுபடியும் வந்தது.

கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அழுதாள். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காதென்று கொஞ்சம் சத்தமாகவே அழுதாள்.

பின்னேரம் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்தாள். காற்று மணத்தது. வேறு ஒருவரும் இல்லை.

கையில் ஜாக்கெட்டோடு உள்ளே வரவும் ஆரூரன் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. கூரை வேலை செய்கிறவன். நாள் முழுக்க வெயிலில் நின்று சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தரமாட்டன் எண்டு நினைச்சன் அம்மா" என்றான்.

அவள் ஜாக்கெட்டை நீட்டினாள்.

தன் ஊத்தை அதில் பட்டுவிடக் கூடாதென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த ஜாக்கெட்டை முகர்ந்து பார்க்கக் குனிந்தான்.

அவன் கழுத்து அவள் மூக்கின் கீழே வந்தது.

தார். தூசி. வேர்வை.

அதற்கும் அடியில்.

அவள் அசையாமல் நின்றாள்.

"ஒண்டும் மணக்கேல்லை" என்று அவன் நிமிர்ந்தான். முகம் நிறைந்த சந்தோசம். "அந்தப் போத்தலைத் தாங்கோ. நானும் அதிலதான் குளிக்கோணுமாம்."

போத்தல் மெஷினுக்கு மேல் இருந்தது. அவள் அதை எடுத்தாள். எடுத்துத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள்.

"பிறகு குளி, ராசா. முதல்ல பக்கத்தில இருந்து சாப்பிடு."

அவன் மேசையில் வந்து உட்கார்ந்தான். அவளும் கதிரையை இழுத்து அவனோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

அடுப்பில் இன்னும் உலையே வைக்கவில்லை.