அலசிய மூடிகள்

மழை விடாத பிற்பகலில், அக்காவின் அழகு நிலையத்தில் இருக்கும் ஒரே ஹேர் டிரையர் தம்பியின் கையில் இரைகிறது. கண்ணாடிக்கு முன் விரித்த துண்டில், அவன் ஆசையாகச் சேர்த்த பழைய சோடா பாட்டில் மூடிகளில் நூறு மல்லாந்து கிடக்கின்றன; சூடான காற்றில் ஒன்றிரண்டு நழுவிக் கிணுங்கென்று தரையில் விழுகின்றன. காலையில் அவன் மனைவி அவற்றைச் சோப்பு நீரில் அலசி, ஈரம் காயுமுன் டப்பாவில் போட்டு இறுக மூடிவிட்டாள். "நல்லது நெனச்சுத்தானே செஞ்சா, மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கே?" என்கிறாள் அக்கா. "உள்ள இருக்கிற தக்கை தண்ணியக் குடிச்சிருக்குக்கா. விட்டா துரு தின்னுடும்." தலை சொட்டச் சொட்ட நாற்காலியில் காத்திருக்கும் வாடிக்கைக்கார அம்மாள் தும்முகிறாள். "எனக்குத் துருப்பிடிச்சா பரவாயில்லையா தம்பி?" அவன் காதில் விழவில்லை. நீல மூடியின் தக்கையை ஊசியால் நெம்புகிறான். அடியில் மிளகளவு பழுப்பு. அந்த நீல மூடிபோல் இன்னொன்று அவனிடம் கிடையாது. கைபேசி அடிக்கிறது, மனைவி. "எதுவும் கெட்டுப்போகலையே?" அவன் பழுப்பைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறான். "சேச்சே, எல்லாம் பளபளன்னு இருக்கு." "அப்பாடா! அப்போ பீரோ மேல இன்னொரு டப்பாவுல இருக்கிற மூடிங்களையும் ஊற வச்சிடறேன்." "ஐயோ, வேணாம்..." என்பதற்குள் அவள் போனை வைத்துவிடுகிறாள். இரைகிற டிரையரை அம்மாளின் மடியில் போட்டுவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் அவன் மழைக்குள் ஓடுகிறான்.