அடைகாக்கும் சூடு

சிவசங்கர் ஏணியின் எட்டாவது படியில் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மடிப்பு கேமராவில் விழுகிறதா என்று என்னைக் கேட்டார்.

விழுந்தது.

அவர் எங்கள் பறவைகள் பேரவையின் நிறுவனத் தலைவர். நான் செயலாளர். துணைத் தலைவர் அன்று வரவில்லை. உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

திருவானைக்காவல் தாண்டி, கொள்ளிடக் கரைத் தோப்பில் ஒரு மொட்டைத் தென்னை. அதன் பொந்தில் பனங்காடை முட்டையிட்டிருப்பதைக் கண்டுபிடித்தவர் தலைவர் என்று நேரலையில் சொல்லப்பட்டது. அவருக்கு அதைக் காட்டியவர் அங்கே தேங்காய் பறிக்கும் மருதை. இப்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பனங்காடை ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். முட்டை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். தொட்டு எண்ணினால்தான் விஞ்ஞானம்" என்று பேரவைக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தைத் தலைவர் பார்க்காமலே ஒப்பித்தார்.

தலைக்கு மேல் ஒரு பனங்காடை நீல இறக்கையைப் புரட்டிப் புரட்டி விழுந்து கத்தியது. நாங்கள் தோப்புக்குள் நுழைவதற்கு முன்பிருந்தே கத்திக்கொண்டிருந்தது.

"நம்மள வரவேற்குது" என்றார் தலைவர் கேமராவிடம்.

மருதை மின்கம்பியைப் பார்த்தார். அங்கே இன்னொன்று.

"ஐயா, உள்ள கை வைக்காதீங்க. ஜோடி ரெண்டும் வெளிய இருக்கு. அப்ப உள்ள உக்காந்திருக்கறது யாருங்க?"

"மருதை, லைவ் போயிக்கிட்டிருக்கு."

"டார்ச்சாவது அடிச்சுப் பாருங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். மூன்றாம் பக்கத்தை எழுதிக்கொடுத்தவன் நான்தான். ஆனால் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன வாரம் நாலே பேர்.

தலைவரின் கை முழங்கை வரை உள்ளே போனது. திரையில் யாரோ அனுப்பிய இதயம் ஒன்று மிதந்து மேலே ஏறியது.

அவர் முகம் மலர்ந்தது.

"தட்டுப்படுது. நிறையவே இருக்கு." பிறகு, மேடையில் மட்டும் எடுக்கும் கனத்த குரலில், "ஆனா சில்லுனு இருக்கு. வழவழன்னு."

மேலே பறவை கத்துவதை நிறுத்தியது.

மருதை ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல் சொன்னார்.

"ஐயா, இப்ப கைய எடுக்காதீங்க."