பேசாத பிள்ளை

"அவனை விடுங்கக்கா. இவளைப் பாருங்க, இன்னைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசலை," என்றாள் இரட்டைப் பின்னல்காரி.

தொண்டு செய்ய வந்திருந்த கல்லூரிக்காரி சட்டென்று திரும்பினாள். ஜன்னல் ஓரத்தில் ஒரு சிறுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதுவரை கல்லூரிக்காரி அந்தக் குழந்தைகள் இல்லத்தின் கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து, குரலைக் குழைத்து, அம்மா எங்கே, அப்பா எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஊரில் கேட்பதற்கு வேறு கேள்வியே இல்லாத மாதிரி. முந்தாநாள்தான் இல்லத்துக்கு வந்த ஒரு பொடியனின் உதடு பிதுங்க ஆரம்பித்த நேரத்தில்தான் பிள்ளைகளில் மூத்தவளான பின்னல்காரி குறுக்கே வந்தாள்.

ஜன்னலோரச் சிறுமியைப் பார்த்ததும் கல்லூரிக்காரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பாவம் என்று தோன்றியதும் உண்மைதான். ஆனால் அது இரண்டாவதாகத்தான் தோன்றியது.

காரணம் அவளுடைய அறைத்தோழி. போன வாரம் இதே இல்லத்துக்கு வந்துபோன அந்த மகராசி, யாரோடும் பேசாத ஒரு பிள்ளையைத் தன் அன்பாலேயே ஒரு வார்த்தை பேசவைத்துவிட்டதாகக் கல்லூரித் தொண்டர் குழுக் கூட்டத்தில் சொன்னாள். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அன்றைக்கே குழுத் தலைவி பதவிக்கு அவள் பெயர் அடிபட ஆரம்பித்துவிட்டது.

இன்று மாலைக் கூட்டத்தில் பேச வேண்டியது இவள். இவளும் அந்தப் பதவியின்மேல் ஒரு வருடமாகக் கண் வைத்திருந்தவள். பேசும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேடையில் என்னத்தைப் பேசுவது? வெறுங்கையோடு திரும்பினால் பதவி கைநழுவிப் போய்விடும்.

அந்தப் பக்கமாகத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போன காப்பாளர் அம்மாவை நிறுத்தி, இந்தச் சிறுமி எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். அந்த அம்மா பின்னல்காரியை ஒரு பார்வை பார்த்தார்.

"அதெல்லாம் அவங்களுக்குள்ள விஷயம்மா. நான் தலையிடறதில்லை," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

எவ்வளவு கல் மனசு என்று கல்லூரிக்காரி பொருமினாள். பிறகு சுடிதாரை மடித்துக்கொண்டு சிறுமியின் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் அங்கே உட்கார்ந்ததும், மற்ற பிள்ளைகள் கேரம் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆட்டத்தில் இறங்கிவிட்டார்கள். பொடியனுக்கும் ஒரு மூலை கிடைத்தது.

கைக்குட்டையில் முயல் செய்து காட்டினாள். பூனை மாதிரி கத்தினாள், ரயில் மாதிரி கூவினாள். சிறுமி வாயைத் திறப்பதாக இல்லை. கேரம் பக்கம் ஒரு காய் குழியில் விழும் சத்தம் கேட்கும்போது மட்டும் அவள் கண் லேசாக அந்தப் பக்கம் ஓடித் திரும்பியது.

கடைசியில் கல்லூரிக்காரி தன் சொந்தக் கதையை எடுத்துவிட்டாள். சின்ன வயதில் தன் நாய்க்குட்டி செத்துப்போனது, வீட்டில் தம்பிக்கே செல்லம் கொடுத்தது, அறைத்தோழிக்கு எல்லாமே சுலபமாகக் கிடைத்துவிடுவது. சொல்லச் சொல்ல அழுதேவிட்டாள். சிறுமி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, நகர்ந்து வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அப்போது சாப்பாட்டு மணி அடித்தது.

சிறுமி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். முன்பல் இல்லாத வாய் மெதுவாகத் திறந்தது.

"அக்கா, அழாதீங்கக்கா."

கல்லூரிக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிள்ளையை அள்ளி அணைத்து, நெற்றியில் முத்தமிட்டு, மறுபடியும் அழுதாள். இல்லத்தில் படம் எடுக்கக் கூடாதாம், அது ஒன்றுதான் குறை. பரவாயில்லை, அதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளலாம்.

காப்பாளர் அம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினார். சாயங்காலம்வரை இருக்கலாமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். மத்தியானம் வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு பையன் வருகிறானாம். கூட்டம் இருக்கிறது என்று இவள் பறந்தாள்.

பேருந்து நிறுத்தம்வரை ஒத்திகைதான். "அந்தப் பிஞ்சு வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, அக்கா" என்று சொல்லி எத்தனை நொடி நிறுத்தினால் கூட்டம் கலங்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தலையில் ஒரு தூறல் விழுந்தது. குடையை இல்லத்திலேயே விட்டுவிட்டிருந்தாள்.

திரும்பி ஓடினாள். கூடத்துக்கு வெளியே சாத்தி வைத்திருந்த குடையை எடுக்கும்போது உள்ளே ஒரு குரல் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், அதே முன்பல் இல்லாத சிறுமி. சிவப்புக் காயை யார் ஒளித்து வைத்தது என்று நான்கு பேரை ஒரே ஆளாக உலுக்கிக்கொண்டிருந்தாள்.

கல்லூரிக்காரிக்குப் புல்லரித்தது. ஒரே காலையில் தன் அன்பு எத்தனை பெரிய அணையை உடைத்துவிட்டது. அறைத்தோழி பேசவைத்த பிள்ளை ஒரு வார்த்தைதானே பேசியது. குழுத் தலைவி பதவி இனி எங்கே போகும் என்று நினைத்தபடி ஓசைப்படாமல் நகரப் போனாள்.

உள்ளே இரட்டைப் பின்னல்காரி பலகையைத் தட்டி எல்லோரையும் அடக்கினாள்.

"சண்டை போதும்டி. போன வாரம் நான் இருந்தாச்சு, காலையில நீ இருந்துட்ட. இப்ப வர்ற அண்ணனுக்கு யாரு பேசாம இருக்கறது?"