மேல்வீட்டு ஜென்மங்கள்

கோபி பாலைவனத்தில் கிளம்பும் மஞ்சள் தூசி கொரியாவின் காற்றையும் கடலையும் என்ன பாடு படுத்துகிறது என்று இரண்டு ஆசிரியர்கள் இணையத்தில் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

“எல்லாமே ஒண்ணோட ஒண்ணு தொடர்புதான், பியோ சார். இருங்க, மேப் எடுத்துட்டு வர்றேன்,” என்றார் சோக் டீச்சர்.

பியோவின் மேல்வீட்டில் நாற்காலி கரகரவென்று இழுபட்டது. பல்லைக் கடித்தார். இணையத்தில் இப்படியொரு படித்த அம்மாள். தலைக்கு மேலே இப்படியொரு மாட்டுக் கும்பல்.

டீச்சர் திரும்பி வந்ததும் பியோ பொருமினார். “எங்க மேல்வீட்ல இருக்கறதெல்லாம் மனுஷங்களே இல்ல, டீச்சர். நாகரிகம் தெரியாத ஜென்மங்க.”

“அதுங்ககிட்ட பேசிப் பிரயோஜனமில்ல சார். துடைப்பக்கட்டையால சீலிங்ல நாலு இடி இடிங்க. அப்பத்தான் அடங்கும்.”

பியோ ஆசைதீர இடித்தார்.

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் சோக் டீச்சர். “எங்க கீழ்வீட்டுச் சனியன் ஆரம்பிச்சிடுச்சு.”